போடு, போடுங்கோ

மொபைலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அன்றும் என் கணவர் பத்ரிநாராயணன் அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். காலை ஏழரை மணி.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் என் பேரில். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் பரீட்சை எழுதி வாங்கினேன். ஏழு மணிக்கு நாற்பது மீட்டர் அலைவரிசையில் மதுரை, கோவை நண்பர்களோடு அரட்டை. ஏழரைக்கு இருபது மீட்டருக்கு மாறி, மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி அச்யுத்தோடு. அப்படி மாறுவதற்கு, மாடியில் ஆண்டெனாவின் அடியில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலில் கிளிப்பைக் கழற்றி வேறு சுற்றில் மாட்ட வேண்டும். நான் மைக்கை அழுத்திப் பேசினால் அந்தக் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். காயில் இருப்பதோ கைப்பிடிச் சுவருக்கு மேலே. ஸ்டூல் போட்டு ஏறித்தான் தொட முடியும். கை பொசுங்குவதைக்கூட விடுங்கள், அந்த உதறலில் மனிதர் எந்தப் பக்கம் விழுவார்? ரிலே ஸ்விட்ச் வைத்துக் கீழிருந்தே மாற்றலாம் என்றால், "நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்பார். மாட்டிவிட்டு இறங்கியதும், பாத்ரூம் குழாய்கள் போகும் சந்து வழியாக "போடு!" என்று ஒரு கத்தல். அதுதான் எனக்கு உத்தரவு. அதுவரை செட்டை அணைத்து வைக்கலாம்தான். ஆனால் தம்பி குரலில் ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது என்ற பேராசை எனக்கு.

முந்தின நாள் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் ஆட்டோவில் சண்டை பிடித்தேன். "ஊர்ல இருக்கறவா எல்லாருக்கும் வாங்கோ, போங்கோ. பொண்டாட்டிக்கு மட்டும் வா, போ." "சரி, நாளையிலேர்ந்து பாரு," என்றார் அவர்.

செட்டில் மெலிசாக அச்யுத் வந்துவிட்டான். "அக்கா, கேக்கறதா?" அதே நேரம் சந்தில் அவர் குரல்.

"போடுங்கோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை! கட்டைவிரல் மைக் பட்டன் மேல் போய்விட்டது. அப்புறம்தான் தோன்றியது, இந்த மனுஷராவது, ஒரே ராத்திரியில் திருந்துவதாவது.

மைக்கை வைத்துவிட்டு, செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, படியேறி ஓடினேன்.

ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். இடது கை முழுசாகக் காயிலைப் பிடித்திருந்தது.

"ஏன்னா, யாரைப் போடச் சொன்னேள்?"

"முத்துலட்சுமியைத்தான். டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல."

தரைத்தளத்திலிருந்து அந்த வாட்ச்மேன் மனைவியின் குரல் வந்தது. "மோட்டார் போட்டுட்டேன் மாமா!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். மெல்ல இறங்கி வந்தார்.

"நீ..."

"போடலை." எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குப் போடுன்னே சொல்லுங்கோ. அது போதும்."

பெருமாளே, இந்தத் திருந்தாத மனுஷரை எனக்குக் கொடுத்தாயே என்று வாய்விட்டே சொன்னேன். அவர் கையை இழுத்து விரித்துப் பார்த்தேன். அழுத்திப் பிடித்ததில் உள்ளங்கையில் காயிலின் சுற்றுகள் வரிவரியாகச் சிவந்து பதிந்திருந்தன. ஒவ்வொரு வரியாக நான் விரலால் தடவிக்கொண்டிருக்க, அவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.