திருகாணி இல்லாத சாரதி

பழுதுக்கு வந்த 'சாரதி ஏழு' என்ற லேப்டாப்பைக் குப்புறப் போட்டுப் பார்த்த பாண்டிராஜுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஒரு திருகாணி கூட இல்லை. நான்கு மூலையும் வழவழவென்று கிடந்தது.

"எங்கன வச்சுத் திறக்கதுன்னு ஒரு அடையாளம் வேண்டாமா? உள்ள போனவன் வெளிய வரக்கூடாதுன்னு கொத்தனார வச்சுப் பூசிருக்கான்."

எதிரே உமாராணி நின்றாள். குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவள் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. குற்றாலத்து மலையில் வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்து ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். ஐந்தருவிக்கு மேலே சாரல் மாதங்களில் எடுத்த படங்களும் எண்ணிக்கையும் எல்லாம் இதற்குள்தான் இருந்தன. மே மாதம் வரைக்கும் உள்ளதுக்கு நகல் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் உள்ளதுக்கு இல்லை. அது இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

"எப்படித் தண்ணி போச்சு?"

"சரஸ்வதி பூசைக்கு அத்தை இத அடியில வச்சு, மேல புஸ்தகத்த அடுக்கி, பக்கத்துல நிறைசெம்பு வச்சாங்க. ராத்திரி பூனை தட்டி விட்டுருச்சு. காலைல விரிப்பு நனைஞ்சிருந்தத நானும் பாத்தேன் அண்ணாச்சி. மறுபூசை முடியாம எடுக்கக்கூடாதுல்லா? முடிஞ்சதும் விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்து ரெண்டு வரி அடிப்போம்னு ஆன் பண்ணிட்டேன்."

ஈரத்தோடு ஆன் பண்ணிவிட்டாள். பாண்டிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனாலும் அவள் மேல் கோபம் வரவில்லை. பூசையில் வைத்ததை எடுக்கத் தயங்காதவர்கள் இந்த ஊரில் யார்? அவன் வீட்டிலும் திருப்புளிப் பெட்டி மறுநாள் காலை வரைக்கும் சந்தனப் பொட்டோடுதான் கிடந்தது.

கோபமெல்லாம் சாரதி கம்பெனிக்காரன் மேல்தான். பதினைந்து வருஷமாக இந்த ரோட்டில் லேப்டாப் பழுது பார்க்கிறவன் பாண்டிராஜ். முதல் மாடலான சாரதி ஒன்று வந்த காலத்தில் அதைப் பிரிக்க ஒரு திருப்புளி போதும். அடியில் ஒரு தாழ்ப்பாள், தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ஐந்தருவியில் போட்டோக் கடை போட்டிருந்த கிதிர் முகம்மதுவின் சாரதி ஒரு சீசனில் வாளித் தண்ணீரிலேயே விழுந்தது. பாண்டிராஜ் பேட்டரியைப் பிடுங்கி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இரண்டு நாள் காயவைத்தான். மூன்றாம் நாள் அது படம் காட்டியது. சாரதி மூன்றில் கம்பெனிக்காரன் பேட்டரியை உள்ளே வைத்து மூடினான், பாண்டிராஜ் போகட்டும் என்று விட்டான். ஐந்தில் மெமரியைப் போர்டோடு ஒட்டவைத்தான், அதையும் பொறுத்துக்கொண்டான். மெலிவு மெலிவு என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தவன், ஏழாவதில் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான்.

பாண்டிராஜ் சூடுகாட்டி, பசையை இளக்கி, அரைமணி நேரம் நெம்பித் திறந்தான். உள்ளே பார்த்ததும் வாயில் கெட்ட வார்த்தை வந்தது. உமாராணி நிற்கிறாள் என்று விழுங்கிக்கொண்டான். தனியாகக் கழற்ற டிஸ்க் என்று ஒன்றே இல்லை. சேமிக்கிற சில்லும் போர்டில், அதைத் திறக்கிற சாவி பிராசசருக்குள். பிராசசர் கருகிக் கிடந்தது. சில்லைத் தனியாகப் பெயர்த்து எடுத்தாலும் பூட்டிய பெட்டிதான்.

இருந்தும் விடவில்லை. போர்டைக் கழுவினான், காயவைத்தான், தன் கம்ப்யூட்டரோடு வயர் கொடுத்துப் பார்த்தான். இரண்டு நாள் இதே வேலை. மூன்றாம் நாள் உமாராணி மறுபடி வந்து நிற்கையில் அவன் கம்பெனிக்கே போன் போட்டான்.

"மதர்போர்டு மாத்தித் தரலாம் சார். டேட்டாவுக்கு எங்க பொறுப்பு கிடையாது" என்றது போனில் ஒரு பெண்குரல்.

"அந்தப் பிள்ளைக்கு வேண்டியதே அதுதான்ம்மா! கழட்டுத மாதிரி வச்சிருந்தியன்னா நானே எடுத்துக் குடுத்திருப்பேம்லா?"

"புரியுது சார். இப்ப சாரதி எட்டு வந்திருக்கு, பழச மாத்தினா தள்ளுபடி..."

"அதுல திருகாணி இருக்கா?"

"இன்னும் மெலிசா வந்திருக்கு சார்."

"மெலிசாம்லா மெலிசு! வயித்தெரிச்சலக் கொட்டிக்கிடாதிய!" போனை மேசையில் எறிந்தான். "பாத்தியாம்மா? கொள்ளி வச்சவனே கருமாதிக்கும் கடை விரிக்கான். இவன்களச் சும்மா விடக்கூடாது. நான் எழுதுதேன், ஊர் பூரா சொல்லுதேன்."

உமாராணி அவன் கத்துவதைக் கேட்கவில்லை. செத்த போர்டிலிருந்து வயர் போய்ச் சேர்ந்த அவனுடைய கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக, செங்கல் தடிமனுக்கு இருந்தது. மூடியில் எழுத்து பாதி அழிந்திருந்தது.

"அண்ணாச்சி, இது சாரதி ஒன்னுதான?"

"ஆமா."

"எனக்கு ஏழு வாங்கச் சொன்னது நீங்கதான?"

பாண்டிராஜ்தான் சொன்னான். போன வருஷம் இதே மேசைக்கு முன்னால் நின்று அவள் கேட்டபோது, மலை ஏறுகிற பிள்ளைக்கு எடை குறைவாக இருக்கட்டும், சாரதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னான். அப்போது ஏழை அவன் பிரித்துப் பார்த்ததில்லை. குப்புறப் போட்டுக் கூடப் பார்த்ததில்லை. பழைய பேரை நம்பிச் சொல்லிவிட்டான்.

"உங்களுக்குன்னா வாங்கிருப்பியளா?"

"இல்லம்மா" என்றான். இவ்வளவு நேரம் கம்பெனிக்காரனைத் திட்டிய வாய்க்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லச் சிரமமாக இருந்தது. "திருப்பிப் பாத்துட்டுச் சொல்லிருக்கணும். பாக்காம சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்."

அவள் ஆத்திரத்தோடு போர்டையும் மூடியையும் பைக்குள் போட்டாள்.

"அடுத்த சாரலுக்கு மறுபடி ஏறி எண்ணிரலாம்தான? ஒரு வருஷம் போகும், அவ்வளவுதான?" என்று அவன் தணிந்து கேட்டான்.

"அடுத்த வருஷம் வாரது அடுத்த வருஷத்துப் பூச்சி அண்ணாச்சி. இந்த வருஷம் எத்தனை வந்துச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது."

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாண்டிராஜ் அன்றைக்கு வேறு வேலை எதையும் தொடவில்லை.