ஓர்சோலா பிசகிய இடம்

1

இந்தக் கதை ஒரு பிசகிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு பொர்த்தோலோவின் மாடியில், மதியம் சாப்பிட்ட கையோடு நால்வர் பாட உட்கார்ந்தோம். பாட்டு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைந்தது. வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

வெனிஸின் கால்வாயில் மாலை வெயில்... (வேண்டாம். வெயிலை யார் கேட்டார்கள்?)

ஓர்சோலாவின் தேன் குரல்... (பொய். கரகரப்பான குரல்தான்.)

நேராகவே சொல்கிறேன். பொர்த்தோலோவுக்கு இரண்டு பெண்கள். சீதனம் ஒருத்திக்குத்தான் கட்டுப்படியாகும். மூத்தவள் சனேத்தாவுக்குக் கல்யாணம். சின்னவள் ஓர்சோலாவுக்குக் கன்னியர் மடம். இஷ்டமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. இன்றைக்குப் பாட்டு முடிந்ததும் அவள் மடத்துக்குப் படகேற வேண்டும். அங்கே காதல் பாட்டெல்லாம் பாட விடமாட்டார்கள்.

3

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஆளுக்கொரு புத்தகம், அதில் அவரவர் பாட வேண்டிய வரி மட்டும். அப்பா, இரண்டு பெண்கள், நான் என்று நால்வரில் ஒருவர் பிசகினால் நால்வரும் தொலைந்தோம். மறுபடி முதலிலிருந்துதான்.)

"ஏண்டி, அங்க மூச்சு விட்டு நிறுத்தணும்ல? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் பொர்த்தோலோ.

"மறந்துட்டேம்ப்பா. இன்னொரு தடவை."

"கீழ படகுக்காரன் கத்துறான்."

"கத்தட்டுமே. கடைசிப் பாட்டையாவது ஒழுங்கா முடிச்சிட்டுப் போறேன்."

அந்தப் பாட்டை அவள் பாத்திரம் கழுவும்போதுகூடப் பிசகாமல் பாடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்த முறை அவள் சரியாகத்தான் பாடினாள். சனேத்தா பிசகினாள்.

"நாந்தாம்ப்பா. எச்சில் முழுங்கிட்டேன்." தங்கையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பொர்த்தோலோ மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னை என்ன கேனயன்னு நெனச்சீங்களா? இனி உங்க ரெண்டு பேர்ல யார் பிசகினாலும் பாட்டே வேண்டாம். நேரா படகுதான்!"

4

முடிவு: அப்பா மனம் இளகி... (இளகாது. எனக்கு அந்த மனிதரைத் தெரியும்.)

முடிவு: படகுக்காரனோடு ஓர்சோலா ஓடி... (அட, சீ! அவனுக்குப் பல்லே இல்லை.)

ஆத்திரமாக வருகிறது. மேலே 'வீட்டுக்கு வந்தும்' என்று எழுதினேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டால் பாட்டு முடிந்துவிட்டதாக ஆகிறது. முடியவில்லை. நான் இன்னும் அந்த மேசை முன்னால்தான் இருக்கிறேன்.

எழுதிக்கொண்டே பாட என்னால் ஆகாது. என் புத்தகத்தை நீங்கள் பிடியுங்கள். பொர்த்தோலோ தாளத்துக்குக் கையைத் தூக்கிவிட்டார். ஓர்சோலா உங்களையே பார்க்கிறாள். நீங்கள் விருந்தாளி, உங்களைத் திட்ட மாட்டார்.

என்னது, பாட்டு உங்களுக்குத் தெரியாதா?

நல்லதாய்ப் போயிற்று. ஆரம்பியுங்கள்.