கரையிலிருந்து பார்த்த தீவு

பேருந்து நிலையக் கவுன்டரில் உட்கார்ந்து ஊர் ஊராக ஆட்களை அனுப்புவதுதான் அவள் வேலை. பறவைத் தீவின் படகுத்துறைக்குச் சீட்டு கேட்பவர்களிடம் மட்டும், "எப்படி இருந்துச்சுன்னு திரும்பி வர்றப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்பாள். யாரும் வந்து சொன்னதில்லை.

அந்தத் தீவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது, கல்யாணமான புதிதில் அவள் கணவனிடம் சொன்ன ஆசை. பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் நோய் என்று தள்ளிக்கொண்டே போனது. மகளும் வேலைக்குப் போன பிறகு, எலக்ட்ரீஷியனான கணவன் ஒருநாள் கருவிப் பையை மூலையில் வைத்துவிட்டு, "கிளம்பு. இன்னும் தள்ளிப்போட்டா என்னை நீ தூக்கிக்கிட்டுதான் போகணும்" என்றான்.

படகுத்துறையில் நின்றபோது, முன்னே போன படகு தீவை நெருங்கி ஹாரன் அடித்தது. உதறிய போர்வைபோல நாரைக் கூட்டம் ஒரேயடியாக எழும்பியது. படகில் இருந்தவர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அடுத்த நொடியே, தாய்ப் பறவைகள் கூட்டை விட்டு எழும்பிய மரங்களில் காக்கைகள் கறுப்புப் புள்ளிகளாக இறங்கின. சற்று நேரத்தில் அவற்றில் ஒன்று அலகில் முட்டையோடு அவள் தலைக்கு மேலாகப் பறந்து போனது.

"ஏறுங்கக்கா" என்றான் அடுத்த படகுக்காரன்.

"ஹாரன் அடிக்காமப் போக முடியாதாப்பா?"

"இஞ்சின் சத்தத்துக்கே பாதி எழும்பிடும்க்கா. மத்ததும் பறந்தாதான் இவங்க காசு குடுப்பாங்க."

"குஞ்சுங்க பெருசான பிறகு வந்தா?"

"வளந்ததும் எல்லாம் கிளம்பிடும். வெறும் மரத்தைத்தான் பாக்கணும்."

கணவன் ஏற்கெனவே படகில் இடம் பிடித்திருந்தான். அவள் அசையவில்லை.

"இத்தனை வருஷ ஆசை. நீ ஒருத்தி போகாட்டி படகு நின்னுடவா போகுது?"

"நிக்காதுங்க. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இருந்தாலும் இதுல ஏற மனசு வரல."

அவன் படகிலிருந்து இறங்கினான். படகு போய்விட்டது. இருவரும் கரைப் பாறையில் உட்கார்ந்தார்கள். பறவைகள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பின. கரையிலிருந்து வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. அவள் கண்கள் நனைந்தன.

"சரியாவே தெரியலையே" என்றான் அவன்.

"தெரியலதான். ஊர் சுத்துற ஆசை தப்பில்லைங்க. ஆனா, நாம பாத்துட்டுப் போறதால ஒரு கூடு காலியாகும்னா, அந்த இடத்தைத் தள்ளி நின்னு பாக்கவும் நாம பழகிக்கணும்."