பதினாலாம் பாத்தியில் ஏழு மீசை

பதினாலாம் பாத்தியில் ஏழு பயிருக்கு மீசை முளைத்திருந்தது.

முதலில் பார்த்தவள் விதை அறைக்காரி. அந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று ஒரு பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். உண்மையான பூதக்கண்ணாடி ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவாள். பால்காரர் ஊற்றும் பாலையும் அதை வைத்துத்தான் பார்ப்பாள் என்று கேலி பேசுவார்கள். அது பொய். பாலை முகர்ந்துதான் பார்ப்பாள்.

பதினாலு என்ற ரகத்துக்கு மீசை இருக்கக் கூடாது. நெல்லின் நுனியில் நீளும் அந்த முடி கிடையாது, உமியை உரித்தால் அரிசி வெள்ளை. அறுநூறு பயிரும் அப்படியே இருந்தாக வேண்டும். பண்ணையின் விஞ்ஞானி டாக்டரம்மாவின் எட்டு வருஷ உழைப்பு அது. காட்டில் தானாக வளரும் நெல், முற்றியதும் மணியை மண்ணில் உதிர்த்துவிடும். மனிதன் வளர்க்கும் நெல், அறுக்கும்வரை மணியைப் பிடித்துவைத்திருக்கும். எந்த மரபணுவால் அந்தப் பிடி வந்தது என்பதைத்தான் டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தார். பதினாலின் விதை அடுத்த மாதம் இன்னொரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போக வேண்டும். கலப்படம் என்றால் போகாது.

விதை அறைக்காரி ஒரு மணியை உரித்துப் பார்த்தாள். உள்ளே செங்கல் நிறம்.

“ஏழா?” என்றார் டாக்டரம்மா. முகம் சுண்டிவிட்டது. “விதை உன் அறையிலேர்ந்து போனப்பவே கலந்திருந்துச்சா, இல்ல விதைக்கும்போது கலந்துச்சா? ரெண்டுல ஒண்ணு.”

“என் அறையிலேர்ந்து போனது சுத்தம்மா. ஒவ்வொரு மணியா வெள்ளைத் தட்டுல போட்டுப் பார்த்தேன். ஒரு மீசை இல்ல. இருநூறு மணி உரிச்சும் பார்த்தேன். அத்தனையும் பல்லு மாதிரி வெளுப்பு.”

“அப்போ விதைச்சது யாரு?”

விதைத்தது அவள் தங்கையின் கணவன். அவள்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்தாள். தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம். போடாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். தங்கைக்கு ஏழு மாதம்.

சேர்த்துவிட்டாளே தவிர, மாப்பிள்ளையை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. அதிகம் பேசாத ஆள். பேசாதவர்கள் எதையோ வாயில் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. கொஞ்ச நாளாக அவன் விதைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதையும் கவனித்திருந்தாள். கையில் ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் திரும்பி நிற்க வேண்டும்?

மத்தியானம் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் பூனைபோல் போனாள். அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தான்.

“என்ன மாப்பிள்ளை அது?”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பினான். மூக்கில் ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு கை உடைந்து, நூல் சுற்றியிருந்தது.

“கண்ணாடியா?”

“சின்ன எழுத்து மட்டும்தான் அண்ணி. தூரத்துல எல்லாம் நல்லாவே தெரியும்.”

“எத்தன நாளா?”

“ஒரு வருஷமா. உங்களுக்குத் தெரிஞ்சா குருடனைக் கொண்டாந்து சேத்தேனேன்னு தலையில அடிச்சுக்குவீங்க. அதான்...”

“விதைப்பு அன்னிக்கு இது கையில இருந்துச்சா?”

அவன் ஒரு நொடி தாமதித்தான். “இருந்துச்சு.”

அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும். அலமாரியில் பதினாலுக்குப் பக்கத்திலேயே பதினைந்து இருந்தது. பதினைந்தைப் பண்ணையில் ‘செவலை’ என்பார்கள். வயலில் வளர்க்கிற நெல்தான். ஆனால் மீசையும் உண்டு, அரிசியும் சிவப்பு. பார்வை மங்கியவன் செவலைப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான், தப்பு தெரிந்ததும் மூடி வைத்திருக்கிறான், அதற்குள் கையில் ஒட்டிய ஏழெட்டு மணி பதினாலோடு போயிருக்கிறது. எல்லாம் தைத்த சட்டைபோல் பொருந்தியது. அரைப் பக்கத்தில் எழுதி டாக்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“என் புருஷன் ராத்திரி சாப்பிடல. என்ன சொன்ன அவரை?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“நீ சொல்லவே வேணாம், பார்த்தாலே போதும். கல்யாணத்தன்னிக்கு அவர் போட்ட மோதிரத்தையே உரசிப் பார்க்கணும்னு சொன்னவதானே நீ. ஒரே ஒரு நாள் அவரை நம்பிப் பாரேன். செத்தா போயிடுவ?”

“மோதிரம் தங்கம்தான்னு நானேதான சொன்னேன்?”

“உரசின பிறகு!”

பண்ணைக்குப் போனதும் டாக்டரம்மா அந்தத் தாளை நீட்டினார். “இதுல ‘இருக்கலாம்’ மூணு தடவ, ‘போலிருக்கிறது’ ரெண்டு தடவ வருது. இத வச்சு ஒருத்தர் வேலையில நான் கை வைக்க மாட்டேன். செவலைதான்னா காட்டு. பதினோரு மணிக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கேன்.”

காட்டுவதா? அவளுக்கு அதைவிடச் சுலபமான வேலை இல்லை. செவலைப் பாத்தியில் ஒரு கதிர், மீசைக்காரப் பயிரில் ஒரு கதிர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

செவலைக் கதிரைக் கைக்குள் பிடித்து இழுத்தாள். மணிகள் அசையவில்லை. கத்தரித்துப் பையில் போட்டாள். பதினாலாம் பாத்திக்குப் போய் மீசைக்காரக் கதிர் ஒன்றை அதேபோல் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை. உள்ளங்கையில் பொலபொலவென்று பத்துப் பன்னிரண்டு மணி கழன்று விழுந்தது.

அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இரண்டாவது பயிருக்குப் போனாள். அதுவும் உதிர்ந்தது. மூன்றாவதும். ஏழும்.

செவலை உதிராது. உதிர்வது ‘காட்டான்’ ஒருவன்தான். தனிக் கொட்டகையில் தொட்டிகளில் நிற்கும் காட்டு நெல்லுக்குப் பண்ணையில் அதுதான் பெயர். ஆனால் காட்டான் விதை இருப்பது இரட்டைப் பூட்டுக்குள். இரண்டு சாவியும் அவள் இடுப்பில். அதோடு, இவை முழுக் காட்டானும் இல்லை. காட்டான் குடிகாரனைப்போல் தரையில் சாய்ந்து கிடப்பான். இந்த ஏழும் நிமிர்ந்து நின்றன. உதிர்த்தது போகப் பாதி மணி இன்னும் கதிரிலேயே இருந்தது. பாதி பதினாலு, பாதி காட்டான்.

உமியும் அரிசியின் தோலும் தாயுடையவை. இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த விதைப் பொட்டலங்களுக்குச் சீட்டு எழுதும்போதெல்லாம் அவளே மற்றவர்களுக்குச் சொல்லும் விஷயம் அது. தாயின் பழைய சேலையில் சுற்றிய பிள்ளையைச் சேலையைப் பார்த்துத் தகப்பன் இன்னார் என்று சொல்ல முடியாது. தகப்பன் காட்டானாகவே இருந்தாலும், வெள்ளைத் தாயின் கதிரில் விளைந்த மணி மீசை இல்லாமல், வெள்ளையாகத்தான் இருக்கும். அது முளைத்து வளர்ந்து தன் கதிரை நீட்டும்போதுதான் குட்டு உடையும். வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு மணியாக அவள் பார்த்ததெல்லாம் சேலையைத்தான்.

அப்படியானால் கலப்பு இந்தப் பருவத்து விதைப்பில் நடக்கவில்லை. போன பருவத்தில், பூவில் நடந்திருக்கிறது. காட்டானின் மகரந்தம் பதினாலுக்கு எப்படி வந்தது? காற்றில் சில நிமிஷத்துக்கு மேல் அது உயிரோடு இருக்காது. தொட்டி பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. மூன்று நாள் இருந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. விதை உலர்த்த இடமில்லாமல் கொட்டகையைக் காலி பண்ணச் சொன்னவள் அவள்தான். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, “பூ விடுற நேரம் அண்ணி, பதினாலும் பூத்திருக்கு, வரப்போரமா வைக்க வேணாமே” என்றான். பன்னிரண்டு தொட்டி தூக்கச் சோம்பல்பட்டுக் கதை விடுகிறான் என்று நினைத்தாள். “தொட்டியத் தூக்குங்க மாப்பிள்ளை, பூ எங்கேயும் ஓடிடாது” என்றும் சொன்னாள்.

மணி பத்தே முக்கால். அவள் வரப்பில் நடந்தாள். ஏழு பயிர்தானே, பிடுங்கிப் போட்டுவிட்டால்? டாக்டரம்மாவுக்கு எண்ணிக்கை தெரியும். மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்தது என்றால்? மாப்பிள்ளை வாய் திறப்பானா, மாட்டானா? அவன் வாயை எதை வைத்து அடைப்பது என்றுகூட ஒரு கணம் மனம் போயிற்று. தன் மனதையே கழுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்ததுபோல் இருந்தது; பார்க்கச் சகிக்கவில்லை.

அறைக்குள் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

“செவலை இல்லம்மா,” என்றாள் வாசலிலிருந்தே. உள்ளங்கையை விரித்து மேசைமேல் மணிகளைக் கொட்டினாள். “காட்டான் மகரந்தம். போன பருவம் பூக்குற நேரத்துல தொட்டிய வரப்போரமா வைக்கச் சொன்னது நான். இவர் வேணாம்னு சொன்னாரு. நான் கேக்கல.”

டாக்டரம்மா ஒரு மணியை எடுத்து உருட்டினார். பிறகு அவனைப் பார்த்தார். “நீங்க வேணாம்னு சொன்னீங்களா?”

“எனக்கு ஞாபகம் இல்லீங்க.”

விதை அறைக்காரிக்குச் சுரீரென்றது. “என்ன ஞாபகம் இல்ல? தலையச் சொறிஞ்சுகிட்டு நின்னீங்களே!”

“மழை நாளு அண்ணி, யார் என்ன பேசினோம்னு...”

“பேசினீங்க! ‘பதினாலும் பூத்திருக்கு’ன்னு வாயால சொன்னீங்க! சொல்லுங்க மாப்பிள்ளை, இப்போ அம்மாகிட்ட!”

“சரி... சொன்னேன்.”

டாக்டரம்மா நேற்றைய தாளை இரண்டாகக் கிழித்தார். நீட்டிப்புக் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு அவனிடம் தள்ளினார். அவளிடம் கையை நீட்டினார். “சாவி. ஒரு பருவம் நீ வயல்ல இரு. பதினாலுல மிச்சம் இருக்குற ஒவ்வொரு பயிரையும் ஒவ்வொண்ணா சோதிச்சாகணும். அடுத்த மாசம் விதை போகாதுன்னு நான் எழுதிக்கிறேன்.” கடைசி வார்த்தை கொஞ்சம் உடைந்து வந்தது.

இடுப்பிலிருந்து சாவி கழன்றபோது, உடம்பில் ஒரு பக்கம் குறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மத்தியானம் பாத்தியில் இரண்டு பேரும் எதிரெதிர் ஓரத்திலிருந்து தொடங்கினார்கள். கதிரைப் பிடிப்பது, இழுப்பது, விடுவது. நடுவில் சந்தித்தபோது அவள் நிமிர்ந்தாள்.

“உண்மையச் சொல்லுங்க. எதுக்கு ஞாபகம் இல்லன்னீங்க?”

“சாயந்தரம் ஒரே வீட்டுக்குத்தானே அண்ணி போகணும்,” என்றான் அவன், கதிரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதானா, அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கதிரைப் பிடித்தாள்.