ஒரு சைஸ் பெரிய கையுறை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, கைக்கு மூன்று டோனட் பெட்டிகளாக ஏந்திக்கொண்டு, பயிற்சிக்கூடக் கதவை முதுகால் தள்ளித் திறந்தான் கால்வின் பெட்வே. ஏரிக்காற்று அவனுக்கு முன்னால் பனித்தூளை உள்ளே அனுப்பிவைத்தது.

"அடேங்கப்பா! பெரியவரு இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்காரு போல!" என்று கத்தினான் டோரியன்.

சனிக்கிழமை டோனட் வாங்கிவருவது அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. டோரியன் மாதிரி ஆட்களின் வேலை. கால்வினுக்கோ இது ஆறாவது வருஷம், ஏழாவது ஊர்.

"நீ வாங்கியாந்தா பாதியைக் கார்லயே முடிச்சிர்றேடா. அதான் நானே போயிட்டேன்."

கூடம் சிரித்தது. வாசலிலேயே நின்றிருந்தார் அந்த அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்ட வரிசைக் கோச் ப்ரூபேக்கர். வருகிறவன் யாராக இருந்தாலும் இரண்டு கைகளையும் பிடித்து நசுக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார். பிடியைப் பார்த்தாலே ஆளின் உடம்பு தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அவர் கையை நீட்டினார். கால்வின் பெட்டிகளை நீட்டினான்.

"சாக்லேட் போட்டது மேல இருக்கு கோச். சூடு ஆறல."

ப்ரூபேக்கர் ஒரு கணம் யோசித்தார். பிறகு டோனட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, மற்ற கையால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "போடா உள்ளே."

அவன் மூச்சை விட்டான். புதன்கிழமை பயிற்சியில் எதிராளியின் தலைக்கவசக் கம்பியில் சிக்கிய இடது கை மோதிரவிரல், பெட்டிக்கு அடியில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

ஆட்டக்காரர் பட்டியலில் கால்வின் பெயர் கிடையாது. வாரம் முழுக்க மற்றவர்கள் மோதிப் பழக உடம்பைக் கொடுக்கும் பயிற்சிக் குழுவில் இருந்தான். பட்டியலில் யாருக்காவது முடியாமல் போனால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் மேலே ஏற்றுவார்கள். அதுவும் வருஷத்துக்கு மூன்று முறைதான். மூன்று ஆட்டம் ஆடினால் அந்த வருஷம் கணக்கில் சேரும். அப்படி மூன்று வருஷம் சேர்ந்தால் ஓய்வூதியம். ஆட்டத்தை விட்ட பிறகும் ஐந்து வருஷம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. அவனுக்கு இரண்டு வருஷம் சேர்ந்திருந்தது. மற்ற மூன்று வருஷங்களிலும் ஒன்று, இரண்டு ஆட்டத்தோடு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் இதுவரை இரண்டு ஆட்டம்.

பட்டியலில் இருந்த மாலிக்குக்குக் காய்ச்சல். அவன் இடத்துக்கு கால்வின் அல்லது டோரியன். சாயங்காலம் நாலு மணிக்குள் பெயர் போயாக வேண்டும். அடுத்த வாரம் மாலிக் எழுந்து வந்துவிடுவான். வீட்டில் ரோண்டாவுக்கு பிப்ரவரியில் பிரசவம்.

சாமான் அறை ஜன்னலில் தலையை நீட்டினான் கால்வின். "யோவ் ஸ்டான், இடது கைக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய கையுறை இருக்கா?"

இருபத்தாறு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டான், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன், இடது கை மட்டும் வளருதா?"

"நல்ல சாப்பாடுய்யா."

"அதானே பார்த்தேன். டோனட் எல்லாம் வாங்குறே." வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், மோதிரவிரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தைத்த கையுறையைக் கொண்டுவந்து வைத்தார். "நான் குடுத்ததா சொல்லாதே."

மூன்று ஐம்பதுக்கு ப்ரூபேக்கர் லாக்கர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மீசையில் இன்னும் சாக்லேட். "பெட்வே, நாளைக்கு நீ."

டோரியன் காலி டோனட் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தான். "லஞ்சம் குடுத்து எடம் வாங்கிட்டியேய்யா!"

மறுநாள் அரங்கத்தில் மூச்செல்லாம் புகையாகப் போனது. கால்வின் பன்னிரண்டு தடவை களத்தில் இறங்கினான். ஒவ்வொரு தடவையும் ஒரு மாட்டைத் தள்ளுவது போலத் தள்ளினான். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் எதிரணிக்காரன் பந்தை எறியக் கையை ஓங்கினான். கால்வினால் அவனை எட்ட முடியவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் உயர்த்தினான். பந்து நேராக அந்த விரலில் வந்து அறைந்து தரையில் விழுந்தது. அறுபதாயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். அவனும் கத்தினான், வேறு காரணத்துக்காக.

கோட்டைத் தாண்டி ஓடிவந்த ப்ரூபேக்கர், அவன் இடது கையைத்தான் பிடித்தார். பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"என்னடா, அழுறே?"

"சந்தோஷம் கோச். விட்ருங்க... சந்தோஷம்தான்."

ஆட்டம் முடிந்ததும் காலுறையைக்கூடக் கழற்றாமல் ரோண்டாவைக் கூப்பிட்டான். "மூணாவது!" என்றான். அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"விரலு?"

"இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். மூன்று முறையும் ஏற்றியாகிவிட்டது. இனி வேண்டுமென்றால் முழு ஒப்பந்தம் போட வேண்டும். போடுவதாக இல்லை. கை கொடுத்தார்கள். வலது கையைக் கொடுத்தான்.

லாக்கர் அறையில் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்கள் பித்தளைத் தகட்டில் பளபளத்தன. கால்வினுடையது வெள்ளைப் பிளாஸ்திரியில் மையால் எழுதியது. ஸ்டான் ஒரு கறுப்புக் குப்பைப் பையை நீட்டினார். இரண்டு நிமிஷத்தில் சாமான் முடிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவேல்ல?"

"நேரா அங்கதான். இனிமே எனக்கென்ன, பெரிய மனுஷன்!"

ஸ்டான் பெயர்ப் பிளாஸ்திரியை உரித்து, அவன் இரண்டு விரல்களையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினார். 'பெட்வே' என்பதில் பாதி எழுத்துகள் விரலுக்குப் பின்னால் போயின. பிறகு ஒரு புதுத் துண்டைக் கிழித்து, சீட்டைப் பார்த்து வேறொரு பெயரை எழுதி அதே இடத்தில் ஒட்டினார்.

பெயருக்குரியவன் அப்போதே கதவருகே நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். தோளில் விமான நிலையச் சீட்டு தொங்கும் பை. சிரித்த முகம். நின்றதெல்லாம் இடது காலில்.

"இங்க சாமான் குடுக்கிறவர் நீங்கதானே?" என்றான் ஸ்டானிடம். "ஷூ ஒண்ணு வேணும். வலது காலுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிசா கிடைக்குமா?"

ஸ்டான் கால்வினைப் பார்த்தார். கால்வின் குப்பைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"குடுய்யா," என்றான். "நல்ல சாப்பாடு."