வேப்பிலை கட்டிய கார்

எண்பத்தேழாம் வருஷம், இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வாரம். மூச்சிரைக்கும் மகள் அஞ்சலையை மடியில் போட்டுக்கொண்டு, தைலம்மாள் சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தாள். கோயில் வண்டி என்று நினைத்தால் கல்லெறிய மாட்டார்கள் என்று, காரின் முகப்பு முழுக்க அவளே வேப்பிலை கட்டியிருந்தாள். ஒரு கொத்து போதும் என்று டிரைவர் சொல்லியும் அவள் பயம் கேட்கவில்லை.

மறியலுக்காகச் சாலையின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம் தூரத்தில் தெரிந்தபோது, பானெட்டிலிருந்து ஆவி சீறியது. வண்டி நின்றுவிட்டது.

"இன்னாண்ணா ஆச்சு?"

"இன்ஜின் கொதிக்குதும்மா. ரேடியேட்டருக்குக் காத்தே போவல. நீ கட்டுன தழைதான் அடைச்சிக்கினு கீது."

"பிச்சிட்டா அடிப்பாங்களே!"

"பிக்கலன்னா இங்கியே நிக்க வேண்டியதுதான்."

மகளின் விலா குழிந்து குழிந்து எழுந்தது. தைலம்மாள் இறங்கி, தழை முழுவதையும் பிய்த்தெறிந்தாள். இன்ஜின் ஆறியதும் டிரைவர் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்.

மரத்தருகே கம்போடு நின்றவர்கள் காரை மறித்தார்கள். காட்ட இலை இல்லை. அவள் மகளின் முகத்தை ஜன்னலுக்குத் தூக்கினாள்.

"கொழந்தைக்கு மூச்சு முட்டுதுடா! ஓரமா வுடுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

கார் வயலோரம் இறங்கிப் போனது. அவள் மகளை மறுபடி மடியில் சாய்த்துக்கொண்டாள்.