கலங்கல் தண்ணியில் ஒரு கெளுத்தி

மெஹராஜ் வீசிய மூன்றாவது புழுவும் கடிபடாமல் அப்படியே திரும்பி வந்தது. மும்பைக்கு வெளியே அம்பர்நாத்தைத் தாண்டி ஓடும் அந்த ஓடை, ஜூன் மாதத்து முதல் பெருமழையில் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கரை தொட்டுப் போனது. பாலத்தின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்த கொழுந்தன் அப்ரார் சிரித்தான்.

"அரே மதினி, தாராவியில இருந்து ரயிலேறி வந்து புழுவக் குளிப்பாட்டுதீயளா? இன்னைக்கு ஒண்ணும் மாட்டலன்னா தூண்டில் எனக்கு. மறந்துராதீய."

தூண்டில் மெஹராஜின் கணவன் ஜமாலுடையது. அவன் மவுத்தான பிறகு வரும் முதல் மழை இது. பெருநாளன்று எல்லோர் முன்னாலும், பொம்பளைக்கு எதுக்குத் தூண்டில் என்று அப்ரார் கேட்டபோது, "பிடிச்சுக் காட்டுதேன்" என்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஜமால் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே வருவார்கள். புழு கோப்பது அவன், வீசுவது அவள். இன்றும் வீசும் இடத்தில் பிழையில்லை. பாறைக்குப் பின்னால் இழுப்பு அடங்கும் இடத்தில்தான் மீன் ஒதுங்கும். பிறகு ஏன்?

கரையோரம் நண்டு தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் கீதா. சற்று முன்புதான் பழக்கமானவள்.

"அக்கா, ஒங்க கையில என்ன வாடை அடிக்கி?"

மெஹராஜ் மோந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பதினெட்டு வருசமா தோல் பைக்குப் பசை தடவுத கை."

"அதான். கலங்கத் தண்ணியில மீனு மோந்துல்லா வரும். இங்க கொண்டாங்க."

சேறு படிந்த விரல்களால் கீதா முள்ளை மண்ணில் தேய்த்து, புதுப் புழு கோத்துக் கொடுத்தாள். கேட்காமலே நீளும் கைகளை ஆண்டவன் அங்கங்கே நிறுத்தித்தான் வைத்திருக்கிறான். மெஹராஜ் பிஸ்மி சொல்லி வீசினாள்.

நூல் வெடுக்கென்று இழுபட்டது. முழங்கை நீளக் கெளுத்தி. அப்ராரின் சிரிப்பு நின்றது.

அதன் வயிறு புடைத்திருந்தது. சினை. முட்டையிட இடம் தேடி இத்தனை வெள்ளத்தையும் எதிர்த்து ஏறி வந்திருக்கிறது. மெஹராஜ் பக்குவமாக முள்ளைக் கழற்றி, குனிந்து அதைத் தண்ணீரில் விட்டாள்.

அப்ரார் எழுந்துவிட்டான். "விட்டுட்டீயளே! கையில மீனில்லன்னா செல்லாது மதினி. தூண்டிலத் தாங்க."

"வந்து வாங்கிக்க."

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவன் பாலத்தை விட்டுக் கரைக்கு வந்து, இஸ்திரி போட்ட பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இரண்டு அடி இறங்கினான். ஓடையின் இரைச்சலைக் கேட்டு அங்கேயே நின்றான்.

"கீதா, இன்னொண்ணு கோத்துக் குடு தாயி."

மெஹராஜ் கையை நீட்டினாள். கெளுத்தியின் வழவழப்பு, மழை அடித்தும் போகாமல், உள்ளங்கை நிறையப் படிந்திருந்தது.